மண்ணைப் பத்தி பசங்க கேக்குற கேள்விகள் (அம்மா அப்பா கேக்குறதும் சேர்த்து)

நாலாவது அஞ்சாவது பசங்களுக்கு மண் பாடம் எடுக்க ஆரம்பிச்சு பல வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் பசங்க மாறுறாங்க, கேள்வி மட்டும் மாறவே மாட்டேங்குது. சாயங்காலம் ஆனா அதே சந்தேகத்த அவங்க அம்மா அப்பா வாட்ஸப்புல கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிச்சுப்போய் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன், திருத்தல.

மண்ணும் மணலும் ஒண்ணுதானே மிஸ்?

இல்ல. இதுதான் முதல் குழப்பம், பெரியவங்களுக்கும் இருக்கு. மணல்ங்கிறது மண்ணுக்குள்ள இருக்குற ஒரு பொருள், அவ்ளோதான். செங்கல்லும் வீடும் ஒண்ணான்னு கேட்டா இல்லன்னு சொல்லுவீங்கல்ல, அந்த மாதிரி. கடற்கரைல அள்ளுனா விரலிடுக்குல வழிஞ்சு ஓடிடுமே அது மணல். ஒரு செடிக்கு அடியில தோண்டி அள்ளிப் பாருங்க, கையில ஒட்டும், கொஞ்சம் ஈரமா இருக்கும், வேர்த்துண்டு, மக்குன சருகு, ரெண்டு எறும்புன்னு ஒரு கூட்டமே சேர்ந்து வரும். அதுதான் மண்ணு.

மண்ணு எங்கேருந்து வந்துச்சு? யாரு செஞ்சாங்க?

பாறையிலேருந்து வந்துச்சு. பாறை உடைஞ்சு, துண்டு துண்டா ஆகி, பொடியாகி, அதுல செடி முளைச்சு, செத்து, மக்கி, அதுக்குள்ள புழு பூச்சி எல்லாம் குடி வந்து, இப்படி பல நூறு வருஷம் போன பிறகுதான் அதுக்கு மண்ணுன்னு பேரு. அடியில இருக்குற அந்த மூலப் பாறைய தாய்ப்பாறைன்னு சொல்லுவாங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச வார்த்தை.

இத கண்ணால பாத்தவங்களும் இருக்காங்க. 1963ல ஐஸ்லாந்து பக்கத்துல கடலுக்கு அடியில எரிமலை வெடிச்சு சர்ட்சின்னு ஒரு புது தீவு மேல வந்துச்சு. வெறும் எரிமலைக்கல்லும் சாம்பலும்தான், ஒரு பிடி மண்ணு கிடையாது. 1965லயே கரையோரம் ஒரு செடி முளைச்சுது, ஆனா ரொம்ப வருஷத்துக்கு தீவு பெரும்பாலும் மொட்டையாத்தான் இருந்துச்சு. 1986 வாக்குல கடற்பறவைங்க கூட்டமா வந்து கூடு கட்டுச்சு, அதுங்க எச்சம் போட்டுப் போட்டு அந்த இடத்துல மட்டும் பச்சைப்பசேல்னு புல்லு பிடிச்சுக்கிச்சு. யாரு செஞ்சாங்கன்னு கேட்டா, அங்க பறவைங்களுக்கும் பங்கு இருக்கு.

பாறை அவ்ளோ கெட்டி, அது எப்படி தானா உடையும்?

ஒரே நாள்ல உடையாது, யாரோ ஒருத்தர் மட்டும் உடைக்கிறதும் இல்ல. பகல்ல வெயில்ல காயுது, ராத்திரி குளிருது, விரிஞ்சு சுருங்கி விரிஞ்சு சுருங்கி மெல்லிசா ஒரு விரிசல் விழுது. குளிர் பிரதேசமா இருந்தா அந்த விரிசல்ல தண்ணி போய் உறையும். தண்ணி ஐஸாகும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருசாகும், அந்த அழுத்தத்துல பாறையே பிளந்துடும். தண்ணி நிரப்புன கண்ணாடி பாட்டில ஃப்ரீசர்ல வெச்சு உடைச்ச வீடுகளுக்கு இத நான் விளக்க வேண்டியதில்ல. அப்புறம் வேர், சுவர் இடுக்குல முளைச்ச அரசமரக்கன்னு என்ன பண்ணுதோ அதேதான் பாறையிலயும் பண்ணும்.

இது உடைக்கிறது. இன்னொண்ணு கரைக்கிறது. மழைத்தண்ணி காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடோட சேர்ந்து லேசான அமிலமா மாறுது. நம்ம நாக்குக்கே தெரியாத அளவு லேசு, ஆனா ஆயிரக்கணக்கான வருஷம் ஊத்திக்கிட்டே இருந்தா பாறைல இருக்குற தாதுங்க மெதுவா மாறிடும். பாறை மேல பச்சையா சாம்பலா திட்டுத்திட்டா ஒட்டிக்கிட்டு இருக்குமே லைக்கன், அதுவும் அமிலம் சுரந்து பாறைய அரிக்குது. இப்படி உடையிறது கரையிறது எல்லாத்துக்கும் சேர்த்து புத்தகத்துல பாறைச் சிதைவுன்னு போட்டிருப்பாங்க.

அப்ப பாறைய சுத்தியலால நல்லா பொடி பண்ணுனா மண்ணு ரெடியா?

இத கேக்குற பையனுக்கு நான் எப்பவும் சபாஷ் சொல்லுவேன். பதில் இல்லதான். பொடி பண்ணா பாறைப்பொடி கிடைக்கும். மண்ணுல இருக்குற களி வெறும் நைசான பாறைப்பொடி கிடையாது, பாறைத் தாது தண்ணியோட வேதிவினை நடந்து புதுசா உருவாகுற பொருள். சுத்தியலால அத செய்ய முடியாது. மக்குன பொருளும் உயிருங்களும் இல்லங்கிறது இன்னொரு குறை.

மண்ணுக்குள்ள என்னல்லாம் இருக்கு?

நாலே விஷயம். செடி நல்லா வளர்ற ஒரு மண்ண எடுத்தா அதுல கிட்டத்தட்ட 45 சதவீதம் பாறையிலேருந்து வந்த தாதுத்துகள், 25 தண்ணி, 25 காத்து, 5 மக்குன பொருள். மழை பெஞ்சா தண்ணி கூடி காத்து கொறையும், வெயில் அடிச்சா உல்டா, அதனால இந்த நம்பர அப்படியே கல்வெட்டு மாதிரி எடுத்துக்காதீங்க.

பாதி இடம் காலியான்னு பசங்க ஆச்சரியப்படுவாங்க. ஆமா, கிட்டத்தட்ட பாதி துகள்களுக்கு நடுவுல இருக்குற இடைவெளிதான், அதுலதான் தண்ணியும் காத்தும் இருக்கு. அந்த 5 சதவீதம் சின்ன பங்கா தெரியும், ஆனா மண்ணு கறுப்பா, பொலபொலன்னு, ஈரம் தாங்கி இருக்குறதுக்கு அதுதான் முக்கிய காரணம். இலைமட்குன்னு சொல்றது அதுல வர்றதுதான்.

காத்து இருக்குன்னு சும்மா சொல்றீங்க, காட்டுங்க பாப்போம்

காஞ்ச மண்ணு பாதி டம்ளர் எடுத்து மெதுவா தண்ணி ஊத்துங்க. குமிழி குமிழியா வரும். அதான்.

களிமண், வண்டல், மணல் இதெல்லாம் கலர வெச்சு பிரிக்கிறதா?

கலர் இல்ல, சைஸ். 2 மில்லிமீட்டர்லேருந்து 0.05 மில்லிமீட்டர் வரைக்கும் மணல், அதுக்கும் கீழ 0.002 வரைக்கும் வண்டல், அதவிட பொடிசு களி. நம்பர் சொன்னா பசங்களுக்கு ஏறாது, நான் இப்படி சொல்லுவேன்: ஒரு களித்துகள ஒரு கடுகு அளவுக்கு ஊதிப் பெருசாக்குனா, அதே கணக்குல பெரிய மணல்துகள் வாசக்கதவு உயரத்துக்கு நிக்கும். அதனாலதான் மணலுக்கு நடுவுல தண்ணி சல்லுன்னு இறங்கிடுது, களில நின்னு போயிடுது.

வீட்லயே பாக்கலாம். மூடி போட்ட கண்ணாடி ஜாடில மூணுல ஒரு பங்கு மண்ணு, மீதி தண்ணி, கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு நல்லா குலுக்கி ஆடாத இடத்துல வெச்சுடுங்க. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல மணல் அடியில உக்காந்துடும், வண்டலுக்கு ஒரு ரெண்டு மணி நேரம், களி படிய ஒரு நாளோ அதுக்கு மேலயோ ஆகும், தண்ணி கலங்கியே இருக்கும், அவசரப்பட்டு தூக்கிப் பாக்கக் கூடாது, தூக்குனா திரும்ப முதல்லேருந்து. மேல மிதக்குற சருகு வேர்த்துண்டு எல்லாம் இன்னும் மக்காத பொருள். ஸ்கேல் வெச்சு ஒவ்வொரு அடுக்கையும் அளந்துக்கலாம்.

ஜாடி இல்லன்னா கை போதும். ஈரமண்ண உருட்டி கயிறு மாதிரி நீட்டுங்க. உடையாம நீளமா வந்தா களி ஜாஸ்தி. உருண்டையே பிடிக்க வரலன்னா மணல். மாவு மாதிரி வழுவழுன்னு இருக்கு, ஆனா கயிறு வரலன்னா வண்டல்.

அப்ப கலர் எதனால வருது?

சிவப்பு மஞ்சள் எல்லாம் இரும்பு. ஆணி துருப்பிடிச்சா என்ன கலரோ அதே கதைதான், மண்ணுல இருக்குற இரும்பு காத்தோட சேர்ந்து துரு மாதிரி ஆகியிருக்கு. ரொம்ப நாள் தண்ணி தேங்குன இடத்துல காத்து போகாததால அந்த சிவப்பு போய் சாம்பல் கலர் ஆயிடும். கறுப்பு பெரும்பாலும் மட்கு. ஆனா கறுப்பா இருந்தாலே மட்கு நிறையன்னு எழுதிடாதீங்க, கரிசல் மண்ணு அவ்ளோ கறுப்பா இருந்தும் அதுல மட்கு கம்மிதான், அதோட நிறத்துக்கு அதுல இருக்குற தாதுவும் ஒரு காரணம். பரிட்சைல நிறைய பேர் மார்க் விடுற இடம் இது.

மண்புழு மண்ணத்தான் சாப்பிடுதா?

மண்ண முழுங்கும், ஆனா அதுக்கு வேணுங்கிறது அதுல இருக்குற மக்குன இலையும் நுண்ணுயிரும்தான். மிச்சத்த குட்டி குட்டி உருண்டையா வெளிய தள்ளிடும், மழைக்கு அப்புறம் தரைல பாத்திருப்பீங்க. அது போற வழியெல்லாம் சுரங்கம், அது வழியா காத்தும் தண்ணியும் உள்ள போகும்.

சார்லஸ் டார்வின் இருக்காரே, பரிணாமம் சொன்னவரு, அவரு பல வருஷம் மண்புழுவ ஆராய்ச்சி பண்ணி 1881ல எழுதுனாரு. இங்கிலாந்துல பல இடங்கள்ல ஒரு ஏக்கருக்கு வருஷத்துக்கு 10 டன்னுக்கு மேல மண்ண புழுங்க மேல கொண்டு வருதுன்னு கணக்கு போட்டாரு. புழுவுக்கு காது கேக்குமான்னு பாக்க பியானோவெல்லாம் வாசிச்சுக் காட்டியிருக்காரு. சத்தத்துக்கு அதுங்க அசையவே இல்ல, ஆனா புழு இருந்த தொட்டிய பியானோ மேலயே வெச்சு வாசிச்சப்ப அதிர்வு தெரிஞ்சு பொந்துக்குள்ள ஓடிடுச்சாம். இத சொன்னா கிளாஸே அமைதியாகி கேக்கும்.

புழு மட்டும்னு நினைக்காதீங்க. ஒரு டீஸ்பூன் நல்ல மண்ணுல 100 கோடி பாக்டீரியா வரைக்கும் இருக்கலாம்.

மழை வந்தா ஒரு வாசனை வருதே, அது மண்ணோடதா?

மண்ணுல வாழுற ஒரு வகை பாக்டீரியாவோடது. அதுங்க ஜியோஸ்மின்னு ஒரு பொருள உண்டாக்குது, மழைத்துளி காஞ்ச தரைல விழுறப்ப அது காத்துல தெறிச்சு மூக்குக்கு வருது. அதோட செடிங்க விட்டிருந்த எண்ணெய்ப் பொருளும் சேர்ந்துக்கும். 1964ல ரெண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிங்க இதுக்கு பெட்ரிகோர்னு பேரு வெச்சாங்க. நமக்கு மண்வாசனைன்னு அழகா ஒரு பேரு ஏற்கனவே இருக்கு.

தோண்டிக்கிட்டே போனா மண்ணு முடிஞ்சிடுமா?

முடியும். மேல சருகு, அதுக்கு கீழ கறுப்பா மேல்மண், அப்புறம் வெளிறிப்போய் கெட்டியா அடிமண், இதுல மேலேருந்து மழைத்தண்ணி கழுவிக் கொண்டு வந்த களியும் இரும்பும் சேர்ந்திருக்கும். அதுக்கும் கீழ பாதி உடைஞ்ச பாறை, கடைசியா தாய்ப்பாறை. சில இடத்துல ஒரு சாண் தோண்டுனாலே பாறை இடிக்கும், சில இடத்துல பல மீட்டர் போகணும். ரோடு போட மலைய வெட்டியிருக்குற இடத்துல நின்னு பாருங்க, இந்த வரிசை படம் போட்ட மாதிரி தெரியும்.

வேர்ல பெரும்பங்கு, புழு, பாக்டீரியா எல்லாம் கூட்டமா இருக்குறது மேல்மண்லதான். இத ஞாபகம் வெச்சுக்கங்க, அரிப்பு வரும்போது தேவைப்படும்.

ஒரு இன்ச் மண்ணு உருவாக எவ்ளோ நாளாகும்?

நாள் இல்ல கண்ணா. ஒரு இன்ச்சுன்னா ரெண்டரை சென்டிமீட்டர், அதுக்கு பல நூறு வருஷம், ஆயிரம் வருஷம்கூட ஆகலாம். சூடும் மழையும் இருக்குற இடத்துல வேகமா நடக்கும், குளிர்லயும் பாலைவனத்துலயும் ரொம்ப மெதுவு. பாறை எந்த வகை, தரை சரிவா மட்டமா, என்னென்ன செடி விலங்கு இருக்கு, எவ்ளோ காலம் ஆச்சு, இது எல்லாம் சேர்ந்துதான் முடிவு பண்ணும்.

மண் அரிப்புன்னா மண்ணுக்கு சொறியுமா?

வருஷத்துக்கு ஒருத்தராவது கேக்காம இருந்ததில்ல, கேட்டுட்டு கிளாஸ் முழுக்க சிரிக்கும், அதுல பத்து நிமிஷம் போயிடும். அந்த அரிப்பு வேற. இது தண்ணியோ காத்தோ மண்ண கொஞ்சம் கொஞ்சமா அடிச்சுக்கிட்டு வேற இடத்துக்கு கொண்டு போறது.

பாறைச் சிதைவும் அரிப்பும் ஒண்ணான்னு அடுத்த கேள்வி வரும். சிதைவுல பாறை நின்ன இடத்துலயே உடையுது. அரிப்புல உடைஞ்சது கிளம்பிப் போகுது. கிளம்புச்சா இல்லையான்னு மட்டும் பாருங்க, குழப்பம் வராது.

மழைத்துளி இத்துனூண்டு, அது போய் மண்ண என்ன பண்ணிடும்?

பெரிய துளி தரைய தொடுறப்ப மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல வருது. மொட்டைத் தரைல விழுந்தா குட்டி குண்டு வெடிச்ச மாதிரி, மண்துகள் அரை மீட்டர் உயரத்துக்குகூட தெறிக்கும். மழைக்கு அப்புறம் வெள்ளைச் சுவரோட அடியில செம்மண் புள்ளி புள்ளியா இருக்குல்ல, யாரு அடிச்சாங்கன்னு நினைச்சீங்க?

தெறிச்ச பொடி மண்ணோட இடைவெளிய அடைச்சுடும், மேல ஒரு ஓடு மாதிரி ஆயிடும். அதுக்கப்புறம் தண்ணி உள்ள இறங்க வழியில்லாம மேலயே ஓடும். முதல்ல பரவலா ஓடி மெல்லிசா மேல்மண்ண வழிச்சுக்கிட்டு போகும், இது கண்ணுக்கே தெரியாது, அதனாலதான் எனக்கு இதுதான் ரொம்ப மோசமா படுது. அப்புறம் ஒண்ணு சேர்ந்து விரல் தடிமன்ல வாய்க்கால் வெட்டும், அத உழுது சரி பண்ணிடலாம். அப்படியே விட்டா ஆள் இறங்குற அளவுக்கு பள்ளமாயிடும், அத ஏர் ஓட்டி மூட முடியாது.

ஒரு தட்டுல ஈரமண்ண நிரப்பி அழுத்தி சமமாக்கி, மேல அங்கங்க நாணயம் வெச்சு, மூடில ஓட்டை போட்ட பாட்டில உயர பிடிச்சு மழை மாதிரி ஊத்துங்க. கொஞ்ச நேரத்துல நாணயத்துக்கு கீழ இருக்குற மண்ணு மட்டும் குட்டித் தூண் மாதிரி நிக்கும், சுத்தி இருக்குறது கீழ இறங்கியிருக்கும். வெளிய செய்யுங்க, ஹால்ல செஞ்சுட்டு என்ன திட்டாதீங்க.

காத்து மண்ண தூக்கிட்டு போகுமா? தூசிதானே பறக்கும்?

அந்த தூசியே மண்ணுதான். 1930களுக்கு முன்னாடி அமெரிக்காவோட நடு சமவெளில பெரிய பரப்புக்கு புல்ல உழுது எடுத்துட்டு கோதுமை போட்டாங்க. அப்புறம் 1930கள்ல மழை பொய்ச்சுது, பயிரு காஞ்சுது, பிடிச்சு வைக்க வேர் இல்ல. 1934 மே மாசம் கிளம்புன ஒரு புழுதி, நாட்ட குறுக்க தாண்டி நியூயார்க் வரைக்கும் போய் அட்லாண்டிக் கடல்ல இருந்த கப்பல் மேல படிஞ்சுது. 1935 ஏப்ரல் 14 ஞாயித்துக்கிழமை பகல்லயே இருட்டிடுச்சு, கறுப்பு ஞாயிறுன்னே இன்னும் சொல்றாங்க. அதே மாசம் மண்ண காப்பாத்த அங்க சட்டம் போட்டாங்க. மேல்மண் உருவாக எவ்ளோ காலம்னு மேல ஒரு கேள்வி இருக்குல்ல, அதையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

மரம் நட்டா சரியாயிடுமா?

எல்லாரும் மரத்தத்தான் சொல்லுவாங்க, நான் புல்லையும் சருகையும் முதல்ல சொல்லுவேன். நாணயம் என்ன வேலை செஞ்சுதோ அதே வேலைய தரை மேல கிடக்குற சருகு செய்யுது, துளி நேரா மண்ணுல அடிக்காம தடுக்குது. மரத்துக்கு அடியில சுத்தமா கூட்டிப் பெருக்கி மொட்டையா வெச்சா, உயரமான இலையிலேருந்து சொட்டுற பெரிய துளியே தரைய அரிக்கும். விவசாயத்துல மூடாக்குன்னு சொல்றது இதத்தான். சரிவுல மேலேருந்து கீழ உழாம குறுக்கால உழுறது, படிப்படியா வரப்பு கட்டுறது, மர வரிசை வெச்சு காத்த தடுக்குறது, எல்லாமே ஓடுற தண்ணிய காத்த மெதுவாக்குற வேலைதான்.

போன மண்ணு எங்கயாவது இருக்கும்தானே, அப்புறம் ஏன் கவலை?

இருக்கும். ஆறு கொண்டு போய் கொட்டிக் கொட்டித்தான் டெல்டாவே உருவாச்சு. நைல் நதி வெள்ளம் வருஷா வருஷம் எகிப்து வயல்ல வண்டல பரப்புச்சு, 1970ல அஸ்வான் பெரிய அணை முடிஞ்ச பிறகு அந்த வண்டல் அணைக்குப் பின்னாடியே தங்கிடுது. சகாரா தூசி கடல தாண்டி அமேசான் காட்டுக்கு வருஷத்துக்கு கிட்டத்தட்ட 22,000 டன் பாஸ்பரஸ் கொண்டு போகுதுன்னு செயற்கைக்கோள் வெச்சு கணக்கு போட்டிருக்காங்க. அதனால அரிப்பே கெட்டதுன்னு சொல்ல மாட்டேன்.

வேகம்தான் பிரச்சனை. உருவாகுறத விட வேகமா போனா அந்த இடத்துல மேல்மண் காலி, வெறும் அடிமண்தான் மிஞ்சும். போன மண்ணும் எப்பவும் வயல்லயே போய் படியாது, பாதி அணைல ஏரில போய் நிரம்பி தண்ணி நிக்கிற இடத்த கொறைச்சுடும்.

மரம் மண்ண சாப்பிட்டுத்தானே வளருது, அப்ப தொட்டில மண்ணு கொறையணுமே?

சுமார் 400 வருஷம் முன்னாடி பிரஸ்ஸல்ஸ் பக்கம் வான் ஹெல்மான்ட்னு ஒருத்தர் இதத்தான் யோசிச்சாரு. சுமார் 90 கிலோ காஞ்ச மண்ண தொட்டில போட்டு, ரெண்டு கிலோ சொச்சம் எடையில வில்லோங்கிற மரத்தோட கன்னு ஒண்ண நட்டு, 5 வருஷம் தண்ணி மட்டும் ஊத்துனாரு. மரம் 76 கிலோ ஆச்சு, மண்ணு கொறைஞ்சது வெறும் 57 கிராம். அப்ப மரம் தண்ணியாலயே ஆனதுன்னு முடிவு பண்ணிட்டாரு, பாதிதான் சரி, காத்துலேருந்து கார்பன் டை ஆக்சைட எடுக்குறது அவருக்குத் தெரியாது. அந்த 57 கிராம்ல சில தாதுச்சத்தும் போயிருக்கும், அளவு கொஞ்சம்தான், ஆனா அந்த தாது இல்லாம மரமே இல்ல.

நிலாவுல மண்ணு இருக்கா?

பேச்சுக்கு நிலா மண்ணுன்னு சொல்றோம், சுத்தியல் கேள்வில சொன்ன பாறைப்பொடி கணக்குதான் அது, விண்கல் மோதி மோதி பொடியானது. மட்கு இல்ல, உயிரு இல்ல. நிலாவுக்கு ஆள் போன அப்போலோ பயணங்கள்ல கொண்டு வந்த அந்த பொடில ஒவ்வொரு செடிக்கும் ஒரு கிராமுக்கும் கம்மியா எடுத்து, தண்ணியும் சத்தும் ஊத்தி விதை போட்டு முளைக்க வெச்சதா 2022ல விஞ்ஞானிங்க சொன்னாங்க. முளைச்சுது, ஆனா சோனியா, வாடுன மாதிரி வளந்துச்சு.

நான் தோண்டுன குழிய அதே மண்ண போட்டு மூடுனா பழையபடி ஆயிடுமா?

முதல்ல மண்ணு மிஞ்சும், குவியலா நிக்கும், ஏன்னா தோண்டுனப்ப காத்து நிறைய புகுந்துடுச்சு. ரெண்டு மழை பெஞ்சா அமுங்கிடும், சில சமயம் குழி விழுந்த மாதிரிகூட ஆகும். அத விட முக்கியம் வரிசை. அடிமண்ண மேலயும் மேல்மண்ண கீழயும் போட்டுட்டா புல்லு முளைக்க ரொம்ப நாளாகும். அதனால தோண்டுறப்பவே கறுப்பு மண்ண ஒரு பக்கமும் வெளிறுன மண்ண இன்னொரு பக்கமும் கொட்டி வெச்சுக்கிட்டு, மூடுறப்ப கறுப்ப கடைசியா போட்டு, மேல கொஞ்சம் சருகு தூவி விட்டுடுங்க.